மேசையைக் கீறுங்கோ

தங்கச்சியின் மகள் ஆரணி சனிக்கிழமைகளில் என்னோடுதான் இருப்பாள். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில் என் வீடு. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் டப்லெட்டில் படம் போடுவாள். போன கிழமை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு போட்டாள். பிடிக்கவில்லை. இரண்டு விரலால் தட்டினாள், கோடு போய்விட்டது. திரும்பப் போட்டாள், திரும்பத் தட்டினாள்.

"என்னடி, போட்டுப் போட்டு எடுக்கிறாய்?"

"பெரியம்மா, இதிலை பிழையே வராது. தட்டினாப் போயிடும்."

பிழையே வராதாம். ஒரு பதினொரு வயதுப் பிள்ளை அதை எவ்வளவு மிதப்பாகச் சொல்கிறது! எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, அந்த டப்லெட் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, அதில் ஊசி மாதிரி ஏதாவது விட்டுக் குத்தினால் சரிவரும் என்றாள். ஊசி தேடி லாச்சியைக் கிளறியபோதுதான் அந்தக் கொம்பாஸ் பெட்டி கையில் பட்டது.

தகரப் பெட்டி. மூடியைத் திறந்ததும் பழைய மணம் அப்படியே மூக்கில் ஏறியது. பென்சில் சீவல், துரு, அழிறப்பர் எல்லாம் சேர்ந்த மணம். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்ளே வட்டம் போடுகிற கவராயம் ஒன்று, முனை இன்னும் கூராகவே இருந்தது. அதால் குத்த டப்லெட் உயிர் பெற்றது. ஆரணி தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இப்போது இருக்கிற அதிபர் பாவம். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நான் சித்திர டிப்ளோமா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குதிரை கீறினால் நாய் மாதிரி வரும் என்ற உண்மையை ஒருவருக்கும் சொல்லாமல், தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். நிரந்தர நியமனம் இல்லாதவர்களுக்கு எங்கள் நாட்டில் அப்படி ஒரு கௌரவமான பெயர். தொண்டர் என்றால் எல்லாரும் சொல்வதைச் செய்ய வேண்டும், எவரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாவது பகுதி எனக்குக் கடைசிவரை வரவில்லை.

காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டு கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையில் பஸ் பிடிக்க வேண்டும். என் கையில் எப்போதும் ஒரு பெரிய வரைபலகை. அந்தப் பலகையின் மூலை படாத முதுகு அந்தப் பாதையில் இருந்திருக்காது. "நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று கொண்டக்டர் கத்துவார். முன்னுக்குத்தான் போனேன். நான் முன்னுக்குப் போகப் போகப் பலகையும் வந்தது. ஒரு நாள் ஒரு பெரியவர் எரிச்சலோடு திரும்பி, பலகையில் கிளிப் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "லஸ்ஸன பல்லெக்" என்று சிரித்தார். அழகான நாய் என்று அர்த்தம். அது குதிரை.

எனக்குக் கிடைத்தது தரம் ஏழு. முதல் நாள், உங்களுக்குப் பிடித்ததைக் கீறுங்கோ என்று சொல்லிவிட்டு வகுப்பைச் சுற்றி நடந்தேன். எல்லாக் கொப்பியிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே நெளிந்து வரும் ஆறு, கரையில் தென்னை, வானத்தில் கூரை மாதிரி வளைந்த இரண்டு பறவை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. தெருவில் கொன்டெய்னர் லொறி ஒன்று பின்னோக்கி எடுக்க முடியாமல் தெருவையே மறித்து நிற்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மலை இல்லை.

"கொட்டாஞ்சேனையிலை எங்கை மலை இருக்கு?" என்று கேட்டேன்.

ஒரு பொடியன் எழும்பினான். "மிஸ், நாங்கள் நுவரெலியாவுக்கு ட்ரிப் போனனாங்கள்."

"அங்கை ரெண்டு மலைக்கு நடுவிலை சூரியன் நிண்டதோ?"

யோசித்தான். "இல்லை மிஸ். மழை. பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை."

"அப்ப பஸ் யன்னலிலை வழிஞ்ச மழையைக் கீறு."

அன்று முதல் என் வகுப்பில் மலைக்குத் தடை. என் பாடத்துக்கு ஒரே ஒரு சட்டம்: கண்ட பொருளைக் கீறு, நினைச்சதைக் கீறாதை. தண்ணீர்ப் போத்தல், மடித்த குடை, கழற்றிப் போட்ட சப்பாத்து, கன்டீனில் வாங்கிய, மீன் அடைத்த மாலு பணிஸ். பணிஸ் மட்டும் படம் முடியும்வரை ஒரு நாளும் தாக்குப் பிடிக்கவில்லை. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பொருளின் உயரத்தை விரலால் அளப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். முழு வகுப்பும் ஒற்றைக் கண்ணோடு என்னை நோக்கிப் பென்சில் நீட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உப அதிபர் வாசலால் போனார். என்ன பழக்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நடை மட்டும் கொஞ்சம் வேகமானது.

இரண்டாவது தடை அழிறப்பருக்கு. அந்தக் காலத்தில் ஸ்ட்ரோபெரி மணக்கிற அழிறப்பர் வந்திருந்தது. பிள்ளைகள் ஒரு கோடு போடுவார்கள், ஒன்பது தரம் அழிப்பார்கள். கோடு எல்லாம் மயிர் மாதிரி, பயந்து பயந்து, துண்டு துண்டாக. தாள் கிழிந்து ஓட்டை விழும்வரை அழிப்பார்கள். அழிறப்பர் எல்லாவற்றையும் வாங்கி ஆசிரியர் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "பிழை விட்டாப் பிள்ளை என்னத்தாலை அழிக்கிறது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அழிக்கத் தேவையில்லை, பக்கத்தில் சரியான கோட்டைப் போடட்டும், பிழையும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் டிப்ளோமா பொசுங்கிப் போனது. நான் அசையவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இனி மேசைக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பு மேசைகள் எல்லாம் உடைந்து போயிருந்தன. பிள்ளைகள் மடியில் கொப்பி வைத்து எழுதினார்கள். அதிபர் எங்கெங்கோ ஏறி இறங்கிக் கெஞ்சி, மருதானையில் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு முதலாளியைப் பிடித்தார். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர். தரம் ஏழுக்குப் புது மேசைகள் வந்து இறங்கின. பளபளவென்று தேன் நிறம். கையளிப்பு விழாவில் அதிபர் "தேக்கு மேசை" என்று எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கே இல்லை. முதலாளி சால்வைக்குள் கழுத்தைக் குனித்து அடக்கமாகச் சிரித்தார். தரம் எட்டுக்கும் தருவதாக மேடையிலேயே வாக்குக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த கிழமைதான் கயல்விழி வந்து சேர்ந்தாள்.

அவளுடைய தகப்பன் கொட்டாஞ்சேனைக்காரர். சண்டைக் காலத்தில் சின்ன வயதில் கடல் தாண்டிப் போனவர், தூத்துக்குடிப் பக்கம் கலியாணம் செய்து, யுத்தம் முடிந்த பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்திருந்தார். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டில் வேலை, விடிய முன்னம் போனால் இருண்ட பிறகுதான் வருவார். ஆகவே பிள்ளை தாயின் தமிழைத்தான் பேசினாள். மிஸ் என்று சொல்ல வராது, டீச்சர் என்பாள். ஓம் என்பதற்கு ஆமா என்பாள். அவள் ஆமா சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். இந்தியாக்காரி என்று பட்டமும் வைத்துவிட்டார்கள்.

அவள் வந்த முதல் சித்திரப் பாடம். பெட்டி வடிவம் கீறுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எதற்குத் தூரம் போக, எல்லாருக்கும் முன்னால் புது மேசை இருக்கிறதே என்று நினைத்து, நான் வாய் நிறையச் சொன்னேன்:

"எல்லாரும் மேசையைக் கீறுங்கோ."

உங்களில் யாராவது தமிழ்நாட்டிலிருந்து இதைப் படித்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். எங்களுக்குப் படம் கீறுவது என்றால் படம் வரைவது. வேறு சொல்லே எங்கள் வாயில் வராது. கயலுக்கு அது தெரியாது. டீச்சர் மேசையைக் கீறச் சொல்கிறார். சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தார்கள். அவர்கள் பென்சில் எடுக்கத் திறந்தார்கள். அவள் கவராயத்தை எடுத்தாள்.

கர்ரென்று ஒரு சத்தம். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு. அடிமட்டக் கோல் வைக்காமல், நடுங்காமல், ஒரே இழுப்பில். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. மாதக் கணக்காக இந்தப் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக்கொண்டிருந்தது இப்படி ஒரு கோட்டுக்காகத்தான்.

"என்ன பிள்ளை செய்தனீ?"

அவள் கவராயத்தைக் கீழே வைத்தாள். "நீங்கதான டீச்சர் கீறச் சொன்னீங்க?"

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. குனிந்து கோட்டின் மேல் ஊதினேன். மெல்லிய மஞ்சள் தூள் பறந்தது. அப்போதுதான் கவனித்தேன். மேலே தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது தாள். அதற்குக் கீழே இருந்தது மரமே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிச் செய்த பலகை.

செய்தி எனக்கு முன்னமே அதிபரின் அறைக்குப் போய்விட்டது. அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மழைக்கு ஒழுகும் கூரையையும், சம்பளம் இல்லாத தொண்டர்களையும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தை இழுத்தவர். ஆனால் அன்று அவருக்குத் தரம் எட்டு மேசைகள் மட்டுமே கண்ணில் தெரிந்தன.

"வெள்ளிக்கிழமை முதலாளி வாறார். காலைக் கூட்டத்திலை அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை அவரிட்டை மன்னிப்புக் கேக்க வேணும்."

"சேர், நான் சொன்ன சொல்லு அவளுக்கு வேறை மாதிரி விளங்கினது. பிழை பிள்ளையிலை இல்லை."

"மிஸ், அவளுக்குக் கடதாசி ஒண்டும் சரியில்லை. இந்தியாவிலை பிறந்த பிள்ளை, பதிவு இன்னும் முடியேல்லை. நான் இரக்கத்திலை எடுத்தனான். மன்னிப்புக் கேக்காட்டிப் பேரை வெட்டிப் போடுவன்."

"அது தேக்கு இல்லை, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குச் சித்திரம் தெரியும். மரம் தெரியுமோ?"

தெரியாதுதான். ஆனால் மரத்தூளை மரத்தூள் என்று சொல்ல எந்த டிப்ளோமாவும் தேவையில்லை.

அடுத்த நாள் கயலின் தாய் சித்திர அறைக்கு வந்தார். நனைந்த குடையைச் சுருக்கிப் பிடித்தபடி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "மூணு ஸ்கூல்ல கேட்டாச்சு டீச்சர். பேப்பர் இல்லன்னு எவனும் எடுக்கல. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்? மன்னிப்புதான, கேட்டுடட்டும்." எனக்கு ரோஷம் பெரிது. அவருக்குப் பிள்ளையின் படிப்பு பெரிது. ரோஷப்படுவது எனக்குச் சுலபம், இழக்க என்னிடம் என்ன இருந்தது?

பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மன்னிப்புக் கேட்க அவளுக்குப் பயம் இல்லை. மைக்தான் பயம். "நான் பேசினாலே சிரிப்பாங்க டீச்சர்." அதிபர் எழுதிக் கொடுத்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எமது பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த தேக்கு மேசையைச் சேதப்படுத்தியமைக்காக என்று அது போகும். "சேதப்படுத்தியமைக்காகன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். கீறினதுக்காக என்று சொன்னேன். கீறு என்றால் எங்களுக்கு என்ன என்று முதல் நாளே யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் என் பங்குக்கு ஒரு பெரிய பேச்சுத் தயாரித்தேன். அவள் மைக்குக்குப் போகும்போது கூடவே போய், அவளை முந்திக்கொண்டு பேசுவது என்று திட்டம். அந்தக் கிழமை முழுக்க ரயில் வாசலில் நின்று கடலைப் பார்த்து வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரே சொல்லுக்கு இரண்டு கரையில் இரண்டு அர்த்தம் இருப்பது ஒரு குழந்தையின் குற்றமா என்று ஒரு வரி அதில் வரும். அந்த வரியில் எனக்கே கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் வரிசையில் நின்றது. முதலாளி சால்வையோடு மேடையில் இருந்தார். அதிபர் கயலின் பெயரைக் கூப்பிட்டார். நானும் கூடவே நடந்தேன். மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினேன். அது அவள் உயரத்துக்கு ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தது. நான் குனிவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"எமது பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த..."

நின்றாள். தரம் எட்டு வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தது கேட்டது. திரும்பத் தொடங்கினாள். அதே இடத்தில் திரும்ப நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அடுத்த சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மேசையைக் கீறினது தப்புதான் சார். மன்னிச்சிடுங்க. ஆனா தேக்கு மேசைன்னு சொல்லச் சொன்னாங்க. பார்த்ததத்தான் சொல்லணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அது தேக்கு இல்ல சார். உள்ள வெறும் தூளு."

முன்பு சிரித்தவன்கூடச் சிரிக்கவில்லை. என் அருமையான பேச்சு தொண்டைக்குள்ளேயே செத்துப் போனது, அதற்காக நான் இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அதிபர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சால்வையைச் சரி செய்தார். பிறகு, மைக் தேவைப்படாத குரலில் சொன்னார்:

"மேல்பலகை மட்டுந்தான் அப்பிடி. கால் எல்லாம் அசல் தேக்கு."

கூட்டம் கலைந்ததும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். தரம் எட்டு மேசைகள் இனி வராது, திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் பெயரை வெட்டுவேன் என்றார். மன்னிப்புக் கேட்டாளே சேர் என்றேன். அது மன்னிப்பில்லை, முகத்தில் அடித்தது என்றார். அடித்ததுதான். ஆனால் அவள் பொய் சொல்லவில்லையே.

அன்று கடைசிப் பாடம் தரம் ஏழுக்குச் சித்திரம். உள்ளே போனேன். கயல் தலையை மேசையில் வைத்துப் படுத்திருந்தாள். கோட்டின் மேல் கை வைத்து மூடியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். திங்கட்கிழமைச் செய்தி அவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் எதுதான் ரகசியம்? அவளுக்குப் பட்டம் வைத்த பொடியன் எழும்பி, "மிஸ், கயலை அனுப்பிப் போடுவினமோ?" என்று கேட்டான். இந்தியாக்காரி என்று சொல்லவில்லை. முதல் தடவையாகப் பெயர் சொன்னான்.

நான் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. எந்தப் பொருளையும் வைத்துக் காட்டவில்லை. தாள் எடுக்கச் சொல்லவும் இல்லை. வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"எல்லாரும் மேசையைக் கீறுங்கோ."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். பைப்படியில் நின்று ஆறுதலாகக் குடித்தேன். தாகம் எடுக்கவே இல்லை, ஆனாலும் குடித்தேன். பிறகு கொம்பாஸ் பெட்டிகள் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் உங்களுக்கு எழுத்தில் தர முடியாது.

திங்கட்கிழமை அதிபர் பெயர் வெட்டுவதற்காக வகுப்புக்கு வந்தார். ஒவ்வொரு மேசையிலும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கோடு. சிலது நேர், சிலது கோணல், ஆனால் ஒன்றுகூடப் பயந்த கோடு இல்லை. மேசைக் கால்களையும் விடவில்லை பிள்ளைகள். முதலாளியின் சொல்லைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தக் காலும் தேக்கு இல்லை.

"ஆர் இதைச் செய்தது?"

வகுப்பு முழுவதும் எழும்பி நின்றது. "மிஸ் கீறச் சொன்னவா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓம் சேர், கீறச் சொன்னனான்" என்றேன். "சித்திரப் பாடந்தானே."

என் முகத்தில் அப்போது இருந்த அப்பாவித்தனத்தைப் பார்த்து என் தாயே நம்பியிருக்க மாட்டார். அதிபர் மேசைகளைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். கையில் பதிவேடு. முழு வகுப்பையும் வெட்டினால் தரம் ஏழே இல்லை. கடைசியில் பதிவேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். கயலின் பெயர் அப்படியே இருந்தது. அந்தத் தவணை முடிவில் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டர் ஆசிரியர் தேவையில்லை என்று என்னிடம் சொன்னார்கள். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் இருந்த தொண்டர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். பிள்ளைக்குப் பதிலாக ஒருவர்தானே போக வேண்டியிருந்தது, பரவாயில்லை. வரைபலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று எத்தனை முதுகில் அது இடித்தது என்று நான் கவனிக்கவில்லை. பொறுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று அப்போது வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஏன் கேட்க வேண்டும்? இன்றைக்கு அதே வகுப்பில் கொண்டுபோய் என்னை நிறுத்தினாலும் அதே இரண்டு சொல்லைத்தான் சொல்வேன்.

போன வருடம் வத்தளைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெண் எழும்பி எனக்கு இடம் தந்தாள். கயல். அடையாளம் அவள்தான் கண்டுபிடித்தாள். வத்தளையில் சமையலறை அலுமாரிகள் செய்து விற்கிற இடத்தில் வேலையாம். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளந்து வந்து, அலுமாரி எப்படி அமையும் என்று படம் போட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. "எல்லாம் இப்ப கொம்பியூட்டரிலை தான் கீறுறது மிஸ்" என்றாள்.

எனக்கு அவள் சொன்ன மற்றது ஒன்றும் காதில் ஏறவில்லை. கீறுறது என்கிறாள். மிஸ் என்கிறாள். "ஓம் மிஸ், அம்மா சுகமா இருக்கிறா" என்கிறாள். அந்தப் பிள்ளையின் ஆமா எங்கே? டீச்சர் எங்கே? முற்றத்து மைக்கில் ஒரு முதலாளியின் முகத்துக்கு நேரே விழுந்த அந்தத் தூளு எங்கே போனது? சிரித்துச் சிரித்தே அதை நாங்கள் அவள் வாயிலிருந்து அழித்துவிட்டோம். அழிறப்பரைப் பூட்டி வைத்த எனக்கு இதைத் தடுக்கத் தெரியவில்லை. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இறங்கும்போது அவள் காதுக்குள் சொன்னாள்: "ஆரும் தேக்கு எண்டு சொன்னா இப்பவும் நகத்தாலை சுரண்டித்தான் பாக்கிறனான் மிஸ்." அது மட்டும் போகவில்லை.

அந்த மேசைகளும் இல்லை. ஒரு மழை வெள்ளத்தில் ஊதி, வெடித்து, புட்டு மாவாய் உதிர்ந்து போயினவாம். சித்திர அறையில் இப்போது பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தை மறைத்து மாடிகள் எழும்பிவிட்டன. ஸ்ட்ரோபெரி அழிறப்பர் இல்லை, அதைப் பூட்டி வைக்கிற பைத்தியக்கார மிஸ்ஸும் இல்லை. கீறு என்ற சொல்லுக்கே ஆயுள் முடிகிறது போல இருக்கிறது. பாடப் புத்தகம் வரைக என்கிறது, ஆரணி ட்ரோ பண்ணுறன் என்கிறாள்.

அவள் இன்னும் கோடு போட்டுக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தாள்.

"ஆரணி, மேசையைக் கீறு."

"டேபிளை ட்ரோ பண்ணவா, பெரியம்மா?"

"இல்லை. கீறு."

கவராயத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், மேசையையும் பார்த்தாள். காலி வீதியில் வாங்கிய மேசை. அசல் தேக்கு என்று கடைக்காரர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து தந்தது. வாங்கிய நாளிலிருந்து அதன் மேல் நான் ஒரு சூடான கோப்பைகூட வைத்ததில்லை.

"இது தட்டினாப் போகாதே," என்றாள்.

"போகாது."

"அம்மா ஏசுவா."

"ஏசட்டும். பெரியம்மா கீறச் சொன்னவா எண்டு சொல்லு."